எல்.சி. வந்துவிட்டது, பணம் வந்துவிடுமா? – கேள்வி பதில்

வங்கியின் ஏற்றுமதி இறக்குமதிப் பிரிவில் ஆவணம் சரிபார்க்கும் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். எல்.சி. என்கிற கடன் உறுதிக் கடிதத்தைப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் விற்பவர்கள் கேட்டவை, சில வாங்குபவர்கள் கேட்டவை.

கேள்வி: இப்போதுதான் ஏற்றுமதியில் இறங்குகிறேன் சார். எல்.சி. என்றால் என்ன? எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

முகம் பார்க்காத இரண்டு பேர், இரண்டு நாடு. "பணம் வரட்டும், சரக்கை அனுப்புகிறேன்" என்கிறார் விற்பவர். "சரக்கு வரட்டும், பணம் அனுப்புகிறேன்" என்கிறார் வாங்குபவர். இந்த இழுபறியில் வாங்குபவரின் வங்கி நடுவில் வந்து, "நான் கேட்கும் ஆவணங்களை, நான் சொன்ன தேதிக்குள், நான் சொன்னபடி கொண்டு வா. பணம் நான் தருகிறேன்" என்று எழுதிக் கொடுக்கிறது. அதுதான் எல்.சி.

வாங்குபவர் நாளைக்கு நொடித்துப் போனாலும், மனம் மாறினாலும் வங்கியின் வாக்கு அப்படியே நிற்கும். உங்களைக் கேட்காமல் அதை ரத்து செய்யவும் முடியாது. இதற்கான விதித் தொகுப்பை சர்வதேச வர்த்தக சபை முதலில் 1933-ல் வெளியிட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது யு.சி.பி. 600. 2007 ஜூலை 1 முதல் அமலில் உள்ளது, மொத்தம் 39 பிரிவுகள். ஏற்றுமதி செய்பவர் ஒருமுறையாவது அதை முழுக்கப் படித்துவிட வேண்டும். ஒரு மாலைப் பொழுது போதும்.

கேள்வி: எல்.சி. கைக்கு வந்துவிட்டது. சரக்கும் தயார். இனி நிம்மதியாக இருக்கலாம்தானே?

இருக்க முடியாது. நான் பார்த்த சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த நிம்மதியில் தொடங்கியவை.

வங்கி உங்கள் சரக்கைப் பார்க்காது, ஒப்பந்தத்தையும் பார்க்காது. யு.சி.பி.யின் 4-வது, 5-வது பிரிவுகள் சொல்வது இதைத்தான். நீங்கள் அனுப்பியது முதல் தரமான சரக்காகவே இருக்கலாம். ஆவணம் எல்.சி.யோடு ஒத்துப் போகவில்லை என்றால் பணம் இல்லை. அதனால் எல்.சி. வந்த அன்றைக்கே உட்கார்ந்து படியுங்கள். வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் வலையமைப்பான ஸ்விஃப்ட்டில் செய்தியாக வரும் எல்.சி.யில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண் இருக்கும். 31டி, எல்.சி. காலாவதியாகும் தேதியும் இடமும். 44சி, சரக்கை ஏற்றக் கடைசி நாள். 45ஏ, சரக்கு விவரம். 46ஏ, கேட்கும் ஆவணங்கள். 47ஏ, கூடுதல் நிபந்தனைகள். வினை பெரும்பாலும் இந்தக் கடைசி வரியில்தான் ஒளிந்திருக்கும்.

31டி-யில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் 28-ம் தேதி மாலை ஆவணக் கட்டோடு வந்தார். எல்.சி. 30 வரை செல்லும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், மூன்று அசல் பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் பத்திரம், இதைக் காட்டித்தான் சரக்கை எடுக்க வேண்டும்), எல்லாம் அழகாக அடுக்கி வைத்திருந்தார். ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. என் மூத்த அதிகாரி 31டி வரியில் விரலை வைத்து, தேதிக்குப் பக்கத்தில் இருந்த ஊர்ப் பெயரைக் காட்டினார். அது எல்.சி. திறந்த வங்கி, அதாவது வாங்குபவரின் வங்கி, இருக்கும் ஊர். அதாவது, 30-ம் தேதிக்குள் ஆவணங்கள் அந்த வங்கியின் கவுன்ட்டருக்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கூரியருக்கு எப்படியும் நான்கு நாள். அந்த மனிதர் தேதியைப் பார்த்தார், இடத்தைப் பார்க்கவில்லை. ஆவணங்கள் தாமதமாகத்தான் போயின. அதற்குள் சந்தையில் விலை இறங்கியிருந்தது. விலையைக் குறைத்தால்தான் ஏற்பேன் என்று வாங்குபவர் பிடிவாதமாக நின்றார். இவருக்குக் குறைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அன்று அவர் கவுன்ட்டரில் நின்ற நிலை இன்னும் கண்ணில் இருக்கிறது. காலாவதியாகும் இடம் உங்கள் நாடாக இல்லை என்றால், சரக்கை ஏற்றுவதற்கு முன்பே மாற்றச் சொல்லுங்கள்.

இன்னொரு கெடுவும் உண்டு. எல்.சி.யில் வேறு மாதிரி சொல்லாவிட்டால், சரக்கை ஏற்றிய நாளிலிருந்து 21 நாட்களுக்குள் ஆவணங்களைக் கொடுத்துவிட வேண்டும். அந்த 21 நாளும் காலாவதித் தேதியைத் தாண்டக் கூடாது. 48-வது வரியில் இதைவிடக் குறைவாகப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

கேள்வி: ஒரு எழுத்துப் பிழைக்குக்கூடப் பணத்தை நிறுத்துவார்கள் என்கிறார்களே, நிஜமா அண்ணா?

எழுத்துப் பிழைக்கு இல்லை. பொருள் மாறினால் நிறுத்துவார்கள். வங்கிகள் சரிபார்ப்பதற்கு வழிகாட்டும் ஐ.எஸ்.பி.பி. என்ற தொகுப்பே இதற்கு உதாரணம் தருகிறது. 'மெஷின்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து தவறாக விழுந்தால் அது குறை ஆகாது. ஆனால் மாடல் 321 என்று இருக்க வேண்டிய இடத்தில் 123 என்று அடித்தால், அது வேறு சரக்கு. முகவரியிலும் கொஞ்சம் தளர்வு உண்டு. எல்.சி.யில் உள்ள அதே நாடாக இருந்தால் போதும், தெருப் பெயர் அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டியதில்லை. தொலைபேசி எண், மின்னஞ்சலை எல்லாம் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் பில் ஆஃப் லேடிங்கில் சரக்கைப் பெறுபவர், தகவல் தரப்பட வேண்டியவர் என்ற கட்டங்களில் வாங்குபவரின் முகவரி வந்தால், அங்கே எல்.சி.யில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

இந்தக் கண்டிப்பு எவ்வளவு பழையது என்பதற்கு எனக்குப் பிடித்த வழக்கு ஒன்று. 1940-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து நீதிமன்றத்துக்கு வந்தது. எல்.சி. 'கோரமண்டல் நிலக்கடலை' என்றது, அதாவது நம் சோழமண்டலக் கரைக் கடலை. பில் ஆஃப் லேடிங்கிலோ 'இயந்திரத்தில் உடைத்த நிலக்கடலைப் பருப்பு' என்று இருந்தது. கடலை வியாபாரிகள் எல்லோருக்கும் இரண்டும் ஒன்றுதான் என்று தெரியும். ஆனாலும் ஹாம்ப்ரோஸ் வங்கி பணம் தர மறுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் வங்கியின் பக்கம் நின்றது. ஆயிரம் தொழில்களின் பேச்சுவழக்கையும் ஒரு வங்கி தெரிந்து வைத்திருக்க வேண்டியதில்லை என்பது காரணம். இன்றைய விதியில் மற்ற ஆவணங்களில் பொதுப்பெயர் எழுதலாம், முரண்படாமல் இருந்தால் சரி. இன்வாய்ஸில் மட்டும் 45ஏ-யில் உள்ள விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும். அதை அப்படியே நகலெடுத்து ஒட்டிவிடுங்கள், நீங்களாகத் திருத்தி அழகு பார்க்க வேண்டாம்.

கேள்வி: எல்.சி. எங்கள் நாட்டு வங்கி மூலமாகத்தான் வந்தது. அப்படியானால் அந்த வங்கியும் பணத்துக்குப் பொறுப்புதானே?

இல்லை. கொண்டுவந்து கொடுக்கும் வங்கி, கடிதம் உண்மையானதுதான் என்று சரிபார்த்துத் தருகிறது. அதற்கு மேல் அதற்குப் பொறுப்பு கிடையாது. அந்த வங்கி 'கன்ஃபர்ம்' செய்தால் மட்டுமே, எல்.சி. திறந்த வங்கியைப் போலவே தானும் தருவதாக ஏற்றுக்கொள்கிறது. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. எல்.சி. திறந்த வங்கி பெயர் பெற்றது, அந்த நாட்டிலும் பிரச்சினை இல்லை என்றால் இந்தச் செலவு தேவையில்லை. அந்த நாட்டில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடோ கலவரமோ இருந்தால், கட்டணத்தைப் பார்க்காமல் கன்ஃபர்ம் செய்யுங்கள்.

கேள்வி: கப்பல் இரண்டு நாள் தாமதம். வாங்குபவர் "பரவாயில்லை, அனுப்புங்கள்" என்று மெயில் போட்டிருக்கிறார். அது போதுமா?

போதாது. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் உங்களுக்கு வாக்குக் கொடுத்தது வங்கி. வாக்கை மாற்ற வேண்டியதும் வங்கிதான். அமெண்ட்மெண்ட், அதாவது எல்.சி.யில் செய்த திருத்தம், வங்கி வழியாக வந்து, அதைக் கண்ணால் பார்த்த பிறகு சரக்கை ஏற்றுங்கள். "அனுப்பிவிட்டார்களாம்" என்ற செய்தியை நம்பி ஏற்றாதீர்கள்.

வங்கி அனுப்பும் அமெண்ட்மெண்ட்டும் நீங்கள் ஒப்புக்கொள்ளாமல் உங்களைக் கட்டுப்படுத்தாது. நீங்கள் பதில் சொல்லாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாகவும் ஆகாது. ஆனால் அதன்படி ஆவணம் தயாரித்துக் கொடுத்துவிட்டால், அந்த நிமிடமே ஒப்புக்கொண்டதாக அர்த்தம். ஒரே அமெண்ட்மெண்ட்டில் நான்கு மாற்றம் இருந்தால், மூன்றை எடுத்துக்கொண்டு ஒன்றை விடவும் முடியாது.

கேள்வி: நான் இறக்குமதி செய்பவன். ஆவணம் எல்லாம் கச்சிதம், பணம் போய்விட்டது. பெட்டியைத் திறந்தால் குப்பை. அப்போது என் கதி?

உங்கள் பயம் நியாயமானது. வங்கி காகிதத்தை மட்டும் பார்ப்பதால் விற்பவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, இந்த இடத்தில் உங்களுக்கு ஆபத்தாகிறது.

1941-ல் நியூயார்க் நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு போனது. லக்னோவிலிருந்து பன்றி முடி அனுப்புவதாகச் சொல்லி, ஐம்பது பெட்டிகளில் மாட்டு முடியையும் குப்பையையும் அடைத்து அனுப்பியதாக வாங்கியவர் புகார் சொன்னார். பணம் அதுவரை கொடுக்கப்படவில்லை. விற்பவரே மோசடி செய்திருந்தால் வங்கி பணம் தருவதைத் தடுக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. பல நாடுகளின் நீதிமன்றங்கள் இன்றும் இந்த வழியில் போகின்றன. ஆனால் மோசடி தெளிவாகத் தெரிய வேண்டும், பணம் போவதற்கு முன் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டும். தரம் கொஞ்சம் மட்டம் என்பதெல்லாம் இதில் வராது.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியதை எல்.சி. திறக்கும்போதே செய்துவிடுங்கள். இரு தரப்பையும் சாராத பரிசோதனை நிறுவனத்தின் சான்றிதழை 46ஏ-யில் கேளுங்கள். யார் தர வேண்டும், என்னென்ன சோதித்ததாக எழுத வேண்டும் என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். 1927-ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்த்த வனிலா வழக்கு நினைவுக்கு வருகிறது. எல்.சி. 'நிபுணர்கள்' தரும் சான்று கேட்டது. தந்திக் குழப்பத்தில் அது 'நிபுணர்' என்று ஒருமையாகப் போய்ச் சேர்ந்தது. ஒரே ஒருவர் கையெழுத்திட்ட சான்றை வைத்து வங்கி பணம் கொடுத்தது. வந்த சரக்கில் குச்சியும் கல்லும் பழைய இரும்பும் இருந்தன. ஒரு 'கள்' விகுதி விடுபட்டதால், அந்த வங்கியால் வாங்குபவரிடம் பணத்தைத் திரும்பப் பெற முடியவில்லை.

கேள்வி: எனக்கு வந்த எல்.சி.யில் "வாங்குபவரின் பிரதிநிதி கையெழுத்திட்ட பரிசோதனைச் சான்று" கேட்டிருக்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். அவர் கையெழுத்துப் போடவில்லை என்றால் உங்கள் எல்.சி. வெறும் தாள். பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும், ஆனால் பணம் வருமா வராதா என்பதை முழுக்க வாங்குபவர் கையில் கொடுத்துவிடும் நிபந்தனை இது. கையெழுத்து வங்கியில் உள்ள மாதிரியோடு ஒத்திருக்க வேண்டும் என்றும் சேர்த்திருந்தால் இன்னும் மோசம். சுயேச்சையான நிறுவனத்தின் சான்றாக மாற்றச் சொல்லுங்கள். மாற்ற மாட்டேன் என்றால், அந்த ஆர்டரை எடுப்பதா என்று யோசியுங்கள்.

கேள்வி: 500 டன் ஆர்டரில் 490 டன்தான் ஏற்ற முடிந்தது. எல்.சி. போச்சா?

இல்லை. எடையிலோ அளவிலோ சொல்லியிருந்தால், எல்.சி. தடுக்காதவரை 5 சதவீதம் கூடவோ குறையவோ போகலாம். கேட்கும் தொகை மட்டும் எல்.சி. தொகையைத் தாண்டக் கூடாது. 500 மூட்டை, 500 இயந்திரம் என்று எண்ணிக்கையில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. 'சுமார்' என்று போட்டிருந்தால் எந்த அளவுக்கு முன் போட்டிருக்கிறதோ அதற்கு 10 சதவீதம் வரை இடம் உண்டு.

கேள்வி: ஆவணம் கொடுத்து ஒன்பது நாள் கழித்து "குறை இருக்கிறது" என்று வங்கி சொல்கிறது. முன்பே ஒரு குறை சொன்னார்கள், அதைச் சரிசெய்து காலாவதிக்குள் கொடுத்துவிட்டோம். இப்போது முதலில் கொடுத்த ஆவணக் கட்டிலேயே இருந்த வேறு ஒன்றைச் சொல்கிறார்கள்.

உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. ஆவணம் வந்த நாளுக்கு அடுத்த நாளிலிருந்து ஐந்து வங்கி வேலைநாட்களுக்குள் மறுப்பைத் தெரிவித்துவிட வேண்டும். அதில் எல்லாக் குறைகளையும் ஒரே தடவையில் சொல்லிவிட வேண்டும். தவணை முறையில் குறை சொல்ல விதி இடம் தரவில்லை. முதல் நோட்டீஸில் விட்டுப்போனதை வைத்து அப்புறம் மறுக்கும் உரிமையை அந்த வங்கி இழந்துவிடுகிறது. யு.சி.பி.யின் 16-வது பிரிவைச் சுட்டிக்காட்டி உங்கள் வங்கி மூலமாக ஸ்விஃப்ட் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். தேதிகளை வரிசையாக எழுதுங்கள், விடுமுறை நாட்களைக் கழித்துவிடுங்கள். திருத்தி மறுபடி கொடுத்த தாள்களுக்குப் புதிதாக ஐந்து நாள் உண்டு, அவற்றில் புதிதாக முளைத்த தவறை அவர்கள் சொல்லலாம். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சரக்கு துறைமுகத்துக்கு வந்துவிட்டது, ஆவணம் இன்னும் வரவில்லை. நான் வாங்குபவன். என்ன வழி?

உங்கள் வங்கியிடம் ஷிப்பிங் கேரண்டி கேளுங்கள். அசல் பில் ஆஃப் லேடிங் இல்லாமல் சரக்கைக் கொடுக்கும்படி, கப்பல் நிறுவனத்துக்கு வங்கி உத்தரவாதம் தரும். ஆனால் அதை வாங்கிய பிறகு, பின்னால் வரும் ஆவணத்தில் எத்தனை குறை இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்திருப்பீர்கள். சரக்கை எடுத்தாகிவிட்டது, இனி மறுக்க முடியாது. துறைமுக வாடகை ஏறுகிறதே என்ற அவசரத்தில் பலர் இதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள்.

கேள்வி: அந்தச் சிக்கல் வராமல் இருக்க, ஒரு அசல் பில் ஆஃப் லேடிங்கை நேரடியாகத் தனக்கு அனுப்பச் சொல்கிறார் என் வாடிக்கையாளர். எல்.சி.யிலேயே அப்படிப் போட்டிருக்கிறது. மீதி இரண்டு வங்கிக்கு.

மூன்று அசலில் எந்த ஒன்றைக் காட்டினாலும் கப்பல் நிறுவனம் சரக்கைக் கொடுத்துவிடும், மற்ற இரண்டும் அப்போதே செல்லாதவை. ஆவணத்தில் ஒரு சின்னக் குறையைக் காட்டி வங்கி மறுத்தால், சரக்கு அவரிடம், உங்கள் கையில் இரண்டு செல்லாத தாள். பல வருடம் பழகியவர், முன்பு ஒருமுறையும் இழுத்தடிக்காதவர் என்றால் உங்கள் தீர்மானம். முதல் ஆர்டர் என்றால் மூன்றும் வங்கி வழியாகத்தான் என்று அமெண்ட்மெண்ட் கேளுங்கள். பயணம் குறுகியது, ஆவணத்துக்கு முன்பே சரக்கு வந்துவிடும் என்பதால்தான் கேட்கிறார் என்றால், பில் ஆஃப் லேடிங்கில் சரக்கைப் பெறுபவராக எல்.சி. திறந்த வங்கியின் பெயரையே போடும்படி சொல்லிப் பாருங்கள். விமானத்தில் அனுப்பும்போது இன்னும் கவனம் வேண்டும். விமான நிறுவனம் தரும் சரக்கு ரசீதான ஏர்வே பில் சரக்கின் உரிமைப் பத்திரம் இல்லை. அதில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம் சரக்கு போய்விடும், அசல் தாளே தேவையில்லை. அங்கேயும் வங்கியின் பெயர்தான் இருக்க வேண்டும். வங்கிகள் தங்களைக் கேட்காமல் தங்கள் பெயரில் சரக்கு வருவதை விரும்புவதில்லை, ஆகவே அந்த வாசகம் எல்.சி.யிலேயே இருக்கும்படி முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.