வாசலைப் பூட்டும் ஊசி வந்துவிட்டதாம், மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. போன வருடம் சிங்கப்பூர் வேலைக்காக மெடிக்கல் எடுத்தபோது ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது. தினமும் டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிடுகிறான். ஈரல் செல்லின் வாசலையே பூட்டி, வைரஸை உள்ளே விடாமல் தடுக்கும் ஊசி ஐரோப்பாவில் வந்துவிட்டது என்கிறார் வெளிநாட்டில் இருக்கும் உறவினர். மாத்திரையை நிறுத்திவிட்டு அதற்குக் காத்திருக்கலாமா? வீட்டில் அப்பத்தா அவனுக்குத் தனித் தட்டு வைத்துவிட்டார். விசேஷ வீட்டுப் பந்தியில் உட்காரவும் கூச்சப்படுகிறான். – ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: மாத்திரையை நிறுத்தவே வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் நிதானமாகப் பேசலாம். டாக்டரைக் கேட்காமல் டெனோஃபோவிரை நிறுத்தினால், அடங்கிக் கிடக்கும் வைரஸ் திடீரென்று பெருகும். சிலருக்கு ஈரலே செயலிழக்கும் அளவுக்குப் போய்விடும்.

உறவினர் சொன்னதும் பொய்யில்லை. அந்த ஊசியின் பெயர் புலெவிர்டைடு. 2020இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. ஆனால் எந்த நோய்க்கு என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். அதற்கு வருகிறேன்.

நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்பில் நின்றால் வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை நேராகத் தெரியும். ஈரல் செல்லும் கிட்டத்தட்ட அப்படித்தான். முன்வாசலைத் தாண்டிவிட்ட வைரஸ் உட்கரு வரைக்கும் போய்விடும். ஹெபடைடிஸ் பி வைரஸை 1960களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானி பிளம்பெர்க்குக்கு 1976இல் அதற்காக நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அது எந்த வாசல் வழியாக நுழைகிறது என்பது 2012இல்தான் தெரிந்தது, பெய்ஜிங்கில் லி வென்ஹுய் குழுவின் ஆய்வில். என்.டி.சி.பி. என்ற புரதம்தான் அந்த வாசல்.

திருடனுக்காக யாரும் வாசல் வைப்பதில்லை. குடலில் வேலை முடித்துத் திரும்பும் பித்த உப்பை ஈரலுக்குள் அழைத்துக்கொள்ளத்தான் என்.டி.சி.பி. இருக்கிறது. வைரஸ் அதில் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறது. புலெவிர்டைடு என்பது வைரஸின் மேலுறையில் உள்ள ஒட்டும் பகுதியைப் பார்த்துச் செய்த 47 அமினோ அமிலத் துண்டு. பூட்டுக்குள் சாவியை விட்டு உடைத்துவிட்டால் வேறு சாவி நுழையாது அல்லவா, அந்த மாதிரி.

வைரஸைத் தாக்காமல் நம் செல்லின் வாசலைத் தாக்கும் மருந்தில் ஒரு லாபம் உண்டு. வைரஸ் எளிதில் உருமாறும், நம் புரதம் அப்படி மாறாது. ஆபத்தும் அங்கேயேதான் இருக்கிறது, வாசல் நம்முடையது. அதை அடைத்தால் வீட்டுக்காரர்கள் எப்படிப் போய்வருவது? என்.டி.சி.பி. விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். பிறவியிலேயே இந்த வாசல் வேலை செய்யாதவர்கள் இருக்கிறார்கள். உள்ளே போக முடியாத பித்த உப்பு ரத்தத்தில் ஏறியிருந்தாலும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறார்கள். எய்ட்ஸ் வைரஸ் பயன்படுத்தும் சி.சி.ஆர்.5 வாசலும் இப்படித்தான். அது இல்லாமல் பிறந்தவர்களைப் பார்த்துத்தான் அடைக்கலாம் என்ற துணிச்சல் வந்தது. 2007இல் அதை அடைக்கும் மாராவிராக் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அதே வாசலை அடைக்க வந்த அப்லாவிராக் என்ற மருந்தை, ஈரலைப் பாதித்ததால் 2005இல் கைவிட்டார்கள். சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற பக்கவாசலில் நுழையும் எய்ட்ஸ் வைரஸிடம் மாராவிராக் பலிக்காது. அதனால் எந்த வாசல் என்று பரிசோதித்த பிறகே கொடுப்பார்கள்.

சரி, உங்கள் தம்பிக்கு வருவோம். புலெவிர்டைடுக்கு அனுமதி கிடைத்தது ஹெபடைடிஸ் டிக்கு. டி வைரஸுக்குச் சொந்தமாக மேலுறை கிடையாது. பி வைரஸின் உறையை இரவல் வாங்கிப் போர்த்திக்கொள்வதால், பி இருப்பவர்களுக்குத்தான் அது வரும், அதே வாசலில்தான் நுழையும். தினமும் தோலுக்கடியில் 2 மில்லிகிராம் போட வேண்டும். ஓர் ஆய்வில் 48 வாரம் போட்டவர்களில் 45 சதவீதம் பேருக்கு டி வைரஸ் நன்றாகக் குறைந்து, ஈரல் என்சைமும் சீரானது. ஊசி போடாமல் காத்திருந்தவர்களில் அது 2 சதவீதம்தான்.

பி மட்டும் இருப்பவருக்கு இந்த ஊசி ஏன் போதாது? ஏற்கெனவே உள்ளே வந்தவன் உட்கருவில் தன் மரபுப் பொருளை வட்டமாகச் சுருட்டி வைத்துக்கொண்டு குடியிருக்கிறான். இனிமேல் வாசலைப் பூட்டி அவனை வெளியேற்ற முடியாது. டெனோஃபோவிரும் அவனை விரட்டாது, ஆனால் அவன் பிரதி எடுக்க விடாமல் கையைக் கட்டிப்போடுகிறது. ஈரல் சுருக்கமும் புற்றுநோயும் வரும் வாய்ப்பு அதனால் குறைகிறது. ஆகவே அடுத்த முறை போகும்போது டாக்டரிடம், “ஹெபடைடிஸ் டி ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தாயிற்றா?” என்று கேளுங்கள். அது பாசிட்டிவாக வந்தால்தான் ஊசியைப் பற்றிய பேச்சே. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்க்கச் சொல்லுங்கள், டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைத் தொந்தரவு செய்யும். மது கூடவே கூடாது. செலவு கையைக் கடித்தால், 2018இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தில் மாத்திரை இலவசம், சிவகங்கை அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள்.

வீட்டில் யாராவது கீழாநெல்லியை எடுத்துக்கொண்டு வருவார்கள், தெரியும். 1988இல் சென்னை ஆய்வு ஒன்று அதற்குப் பெரிய நம்பிக்கை கொடுத்தது. அதில் பிளம்பெர்க்கும் பங்கேற்றார். பின்னால் வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. மாத்திரைக்குப் பதிலாக அதை நம்ப வேண்டாம்.

தனித் தட்டை அப்பத்தா உள்ளே எடுத்து வைத்துவிடலாம். இது சாப்பாட்டிலோ, தண்ணீரிலோ, ஒரே பந்தியில் உட்காருவதிலோ பரவுவதில்லை. ரத்தத்தாலும் உடலுறவாலும், பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும்தான் பரவும். தனியாக இருக்க வேண்டியது ரேசர், பல் தேய்க்கும் பிரஷ், நகவெட்டி. தம்பி மனைவி, பிள்ளைகள், நீங்கள் எல்லோரும் ஒருமுறை ரத்தம் பார்த்து, தொற்று இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மூன்று டோஸ்: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று.