பாட்டியின் ஜெபம் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

என்னை வளர்த்த பாட்டி போன மாதம் காலமானார். நினைவுக் கூட்டத்தில் வாசிக்க அவருடைய வாழ்க்கையை எழுதித் தரும்படி வீட்டில் என்னைக் கேட்டிருக்கிறார்கள். பாட்டி ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. நான் ஆலயத்துக்குப் போவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. அதில் அவருக்கு வருத்தம் உண்டு. அவருடைய பக்தியைப் பற்றி நான் எழுதினால் பொய்யாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அவருடைய அன்பையும் உழைப்பையும் மட்டும் எழுதினால் போதாதா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பாட்டிக்கு என் அஞ்சலி.

போதாது என்றுதான் சொல்வேன். ஜெபத்தை எடுத்துவிட்டால், யாரோ ஒரு நல்ல மூதாட்டியின் கதைதான் மிஞ்சும். எந்தப் பலத்தில் இவ்வளவையும் தாங்கினீர்கள் என்று கேட்டிருந்தால் பாட்டி என்ன சொல்லியிருப்பார் என்பது உங்களுக்கே தெரியும். அதை எழுத நீங்கள் விசுவாசியாக இருக்க வேண்டியதில்லை. அவர் நம்பினார், நீங்கள் கூட இருந்து பார்த்தீர்கள். பார்த்ததைச் சொல்வதில் பொய் எங்கே வருகிறது?

ஆனால் 'பக்தி மிகுந்தவர்' என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். இரங்கல் கூட்டங்களில் அடிக்கடி வாசிக்கப்படும், வேதத்திலுள்ள நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்தையே பாருங்கள். அந்தக் குணசாலியான ஸ்திரீ இருட்டோடே எழுந்திருக்கிறாள், ஆட்டுமயிரையும் சணலையும் தேடுகிறாள், சிறுமையானவர்களுக்குக் கையைத் திறக்கிறாள். எல்லாம் அவள் செய்த வேலைகள். யோப்பா பட்டணத்துத் தபீத்தாள் இறந்தபோது, அவள் செய்து வைத்திருந்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் விதவைகள் அழுதுகொண்டே இயேசுவின் சீடர் பேதுருவிடம் காட்டினார்கள் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். இரங்கல் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் காட்சிதான்.

நீங்களும் அப்படிக் காட்டுங்கள். பாட்டியின் வேதப் புத்தகத்தில் எந்தப் பக்கம் அதிகம் நைந்திருக்கிறது? எந்த வசனத்தின் கீழே கோடு? ஜெபத்தில் யார் யார் பெயரைச் சொல்வார், எந்த வரிசையில்? எந்தப் பாட்டில் குரல் உடையும்? கடவுளிடம் அவர் கோபித்துக்கொண்டதுண்டா? இருந்தால் அதையும் எழுதுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதமே கேட்கிறது.

பாட்டிகளின் விசுவாசத்தைப் பெரும்பாலும் பேரப்பிள்ளைகள் வழியாகத்தான் அறிகிறோம். அப்போஸ்தலர் பவுலின் இளம் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளைப் பற்றி வேதத்தில் இருப்பது ஒரே வசனம், பவுல் அவனுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில். 4-ஆம் நூற்றாண்டில் பிஷப்பாக இருந்த பசிலியாரின் பாட்டி மக்ரீனா, துன்புறுத்தல் காலத்தில் கணவரோடு, இன்றைய துருக்கியின் வடபகுதியான பொந்து (Pontus) நாட்டுக் காடுகளில் ஏழாண்டு ஒளிந்து வாழ்ந்தவர். பிற்காலத்தில் பசிலியாரின் விசுவாசத்தைச் சிலர் சந்தேகித்தபோது, தனக்குச் சிறுவயதில் கற்றுத்தந்தவர் இந்தப் பாட்டிதான் என்று அவர் கடிதத்தில் எழுதினார்.

அப்புறம், உங்கள் இருவருக்கும் இடையே இருந்த அந்த வருத்தம். உங்களுக்காகவும் அவர் ஜெபித்திருப்பார். கேட்டிருந்தால் அதை ஒரு வரி எழுதுங்கள், விளக்கமோ மன்னிப்போ சேர்க்காமல். அவர் உங்களை எவ்வளவு நேசித்தார் என்பதும் அந்த வரியில்தான் இருக்கிறது.

கூட்டத்துக்கு இரண்டு பக்கம் போதும். மீதியை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பாட்டியோடு வளர்ந்தவர்கள் யாராவது இருந்தால் சீக்கிரம் போய்ப் பேசிவிடுங்கள். அவருடைய சிறுவயதுக் கதைகள் அவர்களிடம்தான் இருக்கும்.