தாத்தாவின் ரிவால்வர் ட்ரங்க் பெட்டியில் கிடைத்தது: என்ன செய்வது?

கேள்வி: எங்கள் ஊர் வேலூர் பக்கம். தாத்தா இரண்டாம் உலகப் போரின்போது ராணுவப் பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர், சுபேதாராக ஓய்வு பெற்றார். 1994இல் இறந்தார். அப்பாவும் போன வருடம் தவறிவிட்டார். வீட்டை ஒழிக்கும்போது அப்பாவின் ட்ரங்க் பெட்டியில் காக்கித் துணியில் சுற்றிய ஒரு ரிவால்வரும் 11 தோட்டாக்களும் கிடைத்தன. தாத்தா பெயரில் லைசென்ஸ் புத்தகமும் இருக்கிறது, 1992க்குப் பிறகு புதுப்பிக்கவில்லை. அதில் .380 ரிவால்வர் என்று எழுதியிருக்கிறது. துப்பாக்கியில் கிரீட முத்திரையும் என்ஃபீல்ட் என்ற பெயரும் 1942 என்ற ஆண்டும் உள்ளன. தாத்தா நினைவாக வைத்துக்கொள்ள ஆசை. மாமா கிணற்றில் போடச் சொல்கிறார். தம்பி, லேத்தில் கொடுத்துக் குழலை அடைத்துவிட்டு ஷோகேஸில் வைக்கலாம் என்கிறான். போலீஸில் சொன்னால் அம்மா மேல் கேஸ் வருமோ என்று பயமாக இருக்கிறது. இது எங்களுக்குச் சொந்தம்தானே?

பதில்: முதலில் அந்தப் பெட்டியை மூடிப் பூட்டுங்கள். சாவி உங்களிடமே இருக்கட்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பெட்டி இருக்கும் அறையையும் பூட்டிவிடுங்கள். ரிவால்வரைத் திறந்து பார்ப்பது, துடைப்பது, விசையை இழுத்துப் பார்ப்பது எதுவும் வேண்டாம். எண்பது வருடப் பழைய தோட்டா வெடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நல்ல நிலையில் உள்ளது எது, இல்லாதது எது என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சொந்தம் என்பது ஒன்று, கையில் வைத்திருக்கும் உரிமை என்பது வேறு. நிலம், நகை, வண்டி என்றால் வாரிசாக வந்ததுமே நீங்கள் வைத்துக்கொள்ளலாம், பெயர் மாற்றத்தை அப்புறம் பார்க்கலாம். துப்பாக்கியில் அது நடக்காது. 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ யாரும் வைத்திருக்கக் கூடாது. உரிமம் ஆளுக்குக் கொடுப்பது. தாத்தா கண்மூடிய அன்றே அந்த லைசென்ஸ் புத்தகத்தின் உயிரும் போய்விட்டது. உயில் எழுதி வைத்திருந்தாலும் இதே நிலைதான். உயில் உங்களுக்குச் சொத்தைத் தரும், உரிமத்தைத் தராது.

சொத்து என்று பார்த்தாலும் அது உங்களுக்கு மட்டும் சேராது. தாத்தா உயில் எழுதாமல் இறந்திருந்தால் அது அவருடைய எல்லா வாரிசுகளுக்கும் போகும். உங்கள் அப்பாவின் பங்கு அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் வரும். அத்தைகள் இருந்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு. பின்னால் யார் பெயரில் விண்ணப்பித்தாலும், விற்றாலும் அவர்கள் கையெழுத்துத் தேவைப்படும். அத்தையிடம் இன்றே பேசிவிடுங்கள். மூன்றாம் மனிதர் மூலம் அவருக்குத் தெரியவந்தால், துப்பாக்கியைவிடப் பெரிய மனத்தாங்கல் ஆகிவிடும்.

அடுத்தது உங்கள் பயம். அப்பா முப்பது வருடம் அதை உரிமமில்லாமல் வைத்திருந்தது தவறுதான், ஆனால் இறந்தவர் மேல் வழக்கு நடத்த முடியாது. உங்களையும் அம்மாவையும் பொறுத்தவரை முக்கியமான விஷயம், பெட்டியில் இருப்பது எப்போது உங்களுக்குத் தெரிந்தது என்பது. 1972இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆயுதத்தை 'வைத்திருப்பது' என்றால் அது இருப்பது தெரிந்து, தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது என்று விளக்கியது. பீரோவுக்கும் பரணுக்கும் நடுவில் கிடந்த பெட்டிக்குள் என்ன இருந்தது என்று தெரியாமல் வாழ்ந்த காலத்துக்கு இந்த விளக்கம் உங்களுக்கு அரண். ஆனால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டீர்கள், எனக்குக் கடிதமும் எழுதிவிட்டீர்கள். இனி ஒவ்வொரு நாளும் தெரிந்தே வைத்திருக்கும் நாள்தான். நான் அவசரப்படுத்துவதற்கு இதுதான் காரணம்.

தண்டனையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, சாதாரண ரகத் துப்பாக்கியை உரிமமில்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு. தடைசெய்யப்பட்ட ஆயுதம் என்று வழக்குப் போட்டால் குறைந்தது 7, அதிகபட்சம் 14 ஆண்டு. உங்கள் வீட்டு ரிவால்வரில்தான் இந்த இரண்டாவது பிரச்சினை குறுக்கே வருகிறது.

ஏன் என்று சொல்கிறேன். ராணுவத் தோட்டா போடக்கூடிய ரகங்களை நம் அரசு தனியே பிரித்து வைத்திருக்கிறது. துப்பாக்கிக் கடைக்காரர்கள் அதை பி.பி. (ப்ரொஹிபிட்டட் போர், அதாவது தடைசெய்யப்பட்ட குழல் அளவு) என்பார்கள், தடையில்லாத மற்றதை என்.பி.பி. என்பார்கள். .303 ரைஃபிள், .455 வெப்லி ரிவால்வர், .380 தோட்டா போடும் ரிவால்வர் எல்லாம் பி.பி. வரிசை. நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது பிரிட்டிஷ் படையில் இருந்த என்ஃபீல்ட் இரண்டாம் எண் ரிவால்வராகத்தான் இருக்க வேண்டும். அதன் தோட்டா .380. தாத்தா காலத்தில் அவருக்கு லைசென்ஸ் கிடைத்து, தொடர்ந்து புதுப்பித்தும் வந்திருக்கிறார். அதனால் உங்களுக்கும் மாவட்ட ஆட்சியரே கொடுத்துவிடுவார் என்று அர்த்தமாகாது. இந்த ரகத்துக்கு மத்திய உள்துறை அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். வெறும் நினைவுக்காக என்று எழுதிக் கேட்டு அது சுலபத்தில் கிடைக்கும் என்று உங்களுக்கு ஆசை காட்ட எனக்கு மனமில்லை.

மாமா சொன்னதைச் செய்யவே செய்யாதீர்கள். தாத்தா பெயரில் ஒரு ரிவால்வர், அதன் எண்ணோடு, ஆட்சியர் அலுவலகத்துப் பழைய பதிவேட்டில் இருக்கும். என்றைக்காவது விசாரிக்க வந்தால் "கிணற்றில் போட்டோம்" என்பதை யார் நம்புவார்கள்? தூர்வாரும்போது அது வேறொருவர் கையில் கிடைத்து ஒரு உயிர் போனால், அந்த எண் நேராக உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

தம்பியின் யோசனையும் ஆபத்துதான். துப்பாக்கியைப் பழுதுபார்க்கவோ மாற்றியமைக்கவோ தனி உரிமம் உள்ளவரால்தான் முடியும் என்கிறது 5ஆம் பிரிவு. லேத் பட்டறைக்காரரையும் சேர்த்து மாட்டிவிடுவீர்கள். "பழைய பொருளுக்கு விலக்கு உண்டாமே" என்று பலர் கேட்கிறார்கள். உண்டு, 45ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் வழக்கொழிந்த, தொன்மையான அல்லது பழுதான ஆயுதம், பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இனிச் சுடவே முடியாது என்ற நிலையில் இருந்தால்தான் அந்த விலக்கு. காக்கித் துணி சுற்றிப் பத்திரமாக வைத்த 1942ஆம் வருட ரிவால்வர் அதற்குள் வராது. வயதை மட்டும் வைத்து இந்தச் சட்டம் யாரையும் விடுவதில்லை.

அப்போது என்னதான் செய்வது? 21ஆம் பிரிவு வழி சொல்கிறது. வைத்திருப்பது சட்டப்படி செல்லாமல் போன ஆயுதத்தைத் தேவையற்ற தாமதமில்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் பி.பி. ரகம், நீண்ட கால இடைவெளி இரண்டும் இருப்பதால் காவல் நிலையம்தான் சரி.

ஆனால் அதைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு அம்மா டவுன் பஸ்ஸில் வந்து, என் அலுவலக மேசையில் ஒரு கோரைப்பாயை வைத்துப் பிரித்தார். உள்ளே அவருடைய கணவரின் இரட்டைக்குழல் துப்பாக்கி. கணவர் இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. "ஸ்டேஷனுக்குப் போகப் பயமா இருந்துச்சு சார், அதான் உங்ககிட்ட கொண்டாந்துட்டேன்" என்றார். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் அந்தப் பாயைப் பிரித்திருந்தால் அந்த அம்மாவின் நல்ல மனது எழுத்தில் எங்குமே பதிவாகியிருக்காது. நான் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, ஒரு உதவி ஆய்வாளர் வந்து எடுத்துக்கொண்டு ரசீது கொடுத்தார். அது 12 போர் குழல் அளவு, என்.பி.பி. ரகம். பிறகு மகன் பெயருக்கே உரிமம் வாங்க முடிந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஆய்வாளருக்கு ஒரு மனு எழுதுங்கள். தாத்தா யார், எப்போது இறந்தார், பெட்டி எந்தத் தேதியில் யார் முன்னிலையில் திறக்கப்பட்டது, உள்ளே என்ன இருந்தது, நாங்களாகவே ஒப்படைக்க விரும்புகிறோம், வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நாலு பத்தியில் உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும். இருவரின் இறப்புச் சான்றிதழ், லைசென்ஸ் புத்தகத்தின் நகல் இரண்டையும் இணையுங்கள். அசல் புத்தகத்தை நகல் எடுக்காமல் யாரிடமும் கொடுக்காதீர்கள், இந்த விஷயத்தில் உங்களைக் காக்கும் காகிதம் அதுதான். புத்தகத்திலுள்ள எண்ணும் துப்பாக்கியில் பொறித்த எண்ணும் ஒன்றானால், தாத்தா அதைப் படையிலிருந்து திருப்பித் தராமல் கொண்டுவந்தார் என்ற சந்தேகத்துக்கு இடமே இல்லை. எண் பொருந்தாவிட்டால் மனு கொடுப்பதற்கு முன் என்னையோ உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரையோ கலந்து பேசுங்கள். அது வேறு கதை.

மனுவின் ஒரு பிரதியை மாவட்ட ஆட்சியருக்கு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்), போய்ச் சேர்ந்ததற்கான சான்று கேட்டு அதே நாளில் அனுப்புங்கள். நிலையத்தில் மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பதிவேட்டில் ஏற்றியதற்கான ரசீது) கேளுங்கள். துப்பாக்கியை எடுக்கும்போது தயாரிப்பு, எண், தோட்டாக்களின் எண்ணிக்கை எல்லாம் எழுதிய தனி ரசீது வேண்டும். 11 தோட்டா இருந்தது என்றால் 11 என்றே எழுதியிருக்க வேண்டும். "அப்புறம் தருகிறோம்" என்றால் பணிவாக நின்று வாங்கிக்கொண்டு வாருங்கள். முடிந்தால் ஒரு வழக்கறிஞரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

தானாக ஒப்படைத்தவர் மேல் வழக்கே வராது என்று சட்டத்தில் ஒரு வரி இல்லை, அதை நான் மறைக்கக் கூடாது. 3ஆம் பிரிவை மீறியதற்கு வழக்கு நடத்த ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்று 39ஆம் பிரிவு சொல்கிறது. தேதி போட்ட மனு, தபால் ரசீது, தாத்தாவின் உரிமம் எல்லாம் கையில் இருக்கும் குடும்பத்துக்கும், சோதனையில் பிடிபட்ட குடும்பத்துக்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. அம்மாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அவருக்கு முன்பே தெரியுமா என்று யாராவது கேட்டால் உண்மையை மட்டும் சொல்லட்டும்.

ஒப்படைத்துவிட்டால் உங்கள் உரிமை போய்விடாது. குறித்த காலத்துக்குள் சட்டப்படி வைத்துக்கொள்ளும் தகுதி பெற்றால் திரும்பப் பெறலாம், அல்லது தகுதியுள்ள ஒருவருக்கு விற்கலாம். இரண்டும் நடக்காமல் காலம் கடந்தால் ஆட்சியர் உத்தரவின் பேரில் அரசுக்குப் போய்விடும். 2016ஆம் வருட விதிகளில் வாரிசுக்கு உரிமம் தர வழி இருக்கிறது. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், போலீஸ் விசாரணை உண்டு, தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் ஆட்சேபம் இல்லை என்ற கடிதமும் தேவைப்படும். ஆனால் பி.பி. என்பதால் உங்கள் மனு டெல்லி வரை போக வேண்டும். முயன்று பார்ப்பதில் தவறில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இன்னொன்றையும் கேட்டுப் பார்ப்பேன்: பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவுக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. தாத்தாவின் பெயரோடு அதை அங்கே ஏற்றுக்கொள்வார்களா என்று எழுதிக் கேளுங்கள். அவர்கள் சம்மதித்தாலும் அரசு அனுமதியோடுதான் கைமாற வேண்டும், அதுவரை அது காவல் நிலையத்திலேயே இருக்கட்டும்.

பெட்டியில் பதக்கங்கள், படைச் சான்று, பழைய படங்கள் ஏதாவது இருந்தால் அவற்றை ட்ரங்க் பெட்டியிலிருந்து எடுத்து வேறிடத்தில் வையுங்கள். அவற்றுக்கு எந்த உரிமமும் தேவையில்லை. காவலர்கள் வரும் நாளில் துப்பாக்கியோடு அவையும் போய்விடக் கூடாது.