ஜென்வியேவும் ஜெனோவாவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் பாட்டி பெயர் ஜெனோவா. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்புப் பதிவில் அது ‘ஜென்வியேவ்’ என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றா? பிறக்கப்போவது பேத்தி என்றால் பாட்டி பெயரையே வைக்க ஆசை. இணையத்தில் ‘வெள்ளை அலை’ என்று பொருள் போட்டிருக்கிறார்கள். சரிதானா?

ஆ.ரா., காரைக்கால்

அன்புள்ள ஆ.ரா.,

ஒரே பெயர்தான். ‘வெள்ளை அலை’யை மட்டும் விட்டுவிடுங்கள். அது ஜெனிஃபர் என்ற பெயருக்குச் சொல்லப்படுவது. அந்தப் பெயரின் வேர் வேல்ஸ் மொழியில் இருக்கிறது. ஒலி ஒத்துப்போவதால் பெயர்ப்பட்டியல் போடுகிறவர்கள் இரண்டையும் கலந்துவிட்டார்கள். ஜென்வியேவின் பழைய லத்தீன் வடிவம் ஜெனோவேஃபா. முன்பாதிக்குக் குலம் என்றும், பின்பாதிக்குப் பழைய ஜெர்மானிய வழக்கில் பெண் என்றும் பொருள் கொள்கிறார்கள். முன்பாதி, பிரான்சில் முன்பு பேசப்பட்ட கோலிய மொழியின் சொல் என்பாரும் உண்டு. அவர்கள் சொல்லும் பொருளும் ஏறக்குறைய குலம்தான்.

ஆனால் பிரெஞ்சுக் குடும்பங்கள் பொருள் பார்த்து இந்தப் பெயரை வைக்கவில்லை. பாரிஸ் நகரின் பாதுகாவலியான புனிதையின் பெயர் இது. 5-ஆம் நூற்றாண்டில் பாரிஸை அடுத்த நான்தேரில் பிறந்தவர். 451-இல் ஹூணர் மன்னன் அட்டிலாவின் படை வருகிறது என்று பாரிஸ் மக்கள் மூட்டை கட்டியபோது, ஊரைவிட்டுப் போகாதீர்கள் என்று தடுத்து நிறுத்தினார். அட்டிலா பாரிஸைத் தொடாமல் ஓர்லேயான் பக்கம் போனான். பிறகு ஜெர்மானிய இனத்தவரான பிராங்குகள் முற்றுகையிட்டு ஊர் பட்டினி கிடந்தபோது, சேன் ஆற்றில் படகுகளோடு போய்த் தானியம் ஏற்றிவந்தார் என்கிறது அவர் சரித்திரம். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்தப் படகுப் பயணம்தான். அவர் திருநாள் ஜனவரி 3.

1744-இல் மெஸ் நகரில் சாகக் கிடந்த பிரெஞ்சு மன்னன் 15-ஆம் லூயி, பிழைத்தால் இவருக்குக் கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டான். அப்படி எழுந்த கோயிலைப் புரட்சிக்காரர்கள் 1791-இல் தேசத் தலைவர்களின் நினைவிடமாக மாற்றினார்கள். இன்றைய பாந்தியோன் அதுதான். 1793-இல் புனிதையின் எலும்புகளை எரித்தார்கள். அதே பாந்தியோனில் 2015-இல் இன்னொரு ஜென்வியேவுக்கு இடம் கிடைத்தது: நாஜி எதிர்ப்பில் ஈடுபட்டு ராவன்ஸ்புரூக் என்ற நாஜி வதைமுகாமில் அடைக்கப்பட்ட ஜென்வியேவ் தெ கோல்.

பெயர் தலைமுறை தலைமுறையாக நிலைத்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1803-ஆம் ஆண்டுச் சட்டப்படி புனிதர் நாள்காட்டியிலோ பழைய வரலாற்றிலோ உள்ள பெயர்களைத்தான் பதிய முடியும். 1993-இல்தான் அந்தக் கட்டுப்பாடு முழுதாக விலகியது. இன்று பிரான்சில் இது பெரும்பாலும் பாட்டிமார் பெயர்.

‘ஜெனோவா’ என்ற தமிழ் வடிவத்தோடு சேர்ந்து வருவது வேறொரு பெண்ணின் கதை: பிரபாந்து நாட்டு ஜென்வியேவ். கோலோ என்பவன் சுமத்திய பொய்ப்பழியால் கைக்குழந்தையோடு காட்டில் விடப்பட்டு, பெண்மானின் பாலால் பிள்ளையை வளர்த்தவள். 1953-இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த ‘ஜெனோவா’ இந்தக் கதைதான். இத்தாலியின் ஜெனோவா நகரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பெயரைப் பதியும்போது ஒன்று கவனியுங்கள். பிரெஞ்சு எழுத்தில் (Geneviève) நான்கு ‘எ’ (e) வரும். மூன்றாவதன் தலையில் மட்டும் இடப்பக்கம் சாய்ந்த கோடு உண்டு. பலர் அதை வலப்பக்கம் சாய்த்துவிடுகிறார்கள். உச்சரிக்கும்போது இரண்டாவது ‘எ’ ஏறக்குறைய விழுங்கப்படும். குடும்பத்தில் யாருக்காவது பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தால், பிறப்புச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். ஒன்றில் ஜெனோவா, இன்னொன்றில் ஜென்வியேவ் என்று இருந்தால் இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க அலைய வேண்டிவரும். வீட்டில் கூப்பிட ஜினெத் என்ற செல்லப்பெயர் பிரெஞ்சிலேயே இருக்கிறது.