4294967297 பகா எண்ணா? என் நிரல் அப்படித்தான் காட்டுகிறது.

இல்லை, 4294967297 பகு எண்தான். அது 641 × 6700417 எனப் பிரியும் என்பதை கணிதவியலாளர் ஆய்லர் 1732-லேயே கண்டுவிட்டார்.

உங்கள் நிரல் அதைப் பகா எண் என்று காட்டுவதற்கு, ஃபெர்மா சோதனையை 2 என்ற ஒரே அடிமானத்தில் மட்டும் நடத்தியது காரணமாக இருக்கலாம். அச்சோதனையில், அடிமானம் எனும் ஒரு சிறு எண்ணை, சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, சோதிக்கும் எண்ணால் வகுப்போம்; மீதி 1 வராவிட்டால் அது பகு எண், வந்தால் பகா எண்ணாக இருக்கலாம். இந்த எண் 2³² + 1 என்பதால், 2⁶⁴-ஐ இதனால் வகுத்தால் மீதி 1 வரும்; சோதனையில் நீங்கள் இடும் அடுக்கான 2³², 64-இன் மடங்காக இருப்பதால், அங்கும் மீதி 1 வந்தே தீரும். இந்த எண்ணிடம் 2-ஐக் கொண்டு கேட்பதே வீண்.

அடிமானத்தை 3 என மாற்றி ஓட்டிப் பாருங்கள்; மீதி 1 வராது. நிரலை நம்ப மனமில்லையெனில் 641-ஆல் தாளிலேயே வகுத்துவிடலாம், பத்து இலக்கம்தானே.

ஆனால், 3-இல் தேறிய எண்ணெல்லாம் பகா எண் என்று கொள்ள வேண்டாம்: 7 × 13 ஆகிய 91-உம் அதில் தேறிவிடும்.