விமானம் அள்ளிய காற்றை எந்த இடிமேகம் ஏற்றியது?

கேள்வி: பினாங்கில் முதுகலை ஆய்வு செய்கிறேன், ஐயா. 2011 நவம்பர், டிசம்பரில் சரவாக்கின் மிரியிலிருந்து ஃபால்கன் ஆய்வு விமானம் பறந்து காற்று மாதிரிகள் எடுத்த ஷிவா ஆய்வின் தரவை எடுத்திருக்கிறேன். 12 கி.மீ. உயரத்தில் சில மாதிரிகளில் மெத்தில் அயோடைடு வாயு கூடுதலாக இருக்கிறது. காற்று வந்த பாதையைக் கணிக்கும் ஹைஸ்பிளிட் மென்பொருளில் ஐந்து நாள் பின்னோக்கிப் போனால், காற்று முழுக்க மேலேயே வந்ததாகக் காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: வாயுவை நம்புங்கள். மெத்தில் அயோடைடு பெரும்பாலும் கடலிலிருந்து வருவது. வெயில் பட்டால் சில நாட்களில் சிதைந்துவிடும். அவ்வளவு உயரத்தில் அது மிஞ்சியிருக்கிறதென்றால், அண்மையில் ஏதோ ஓர் இடிமேகம் கடற்பரப்புக் காற்றை மேலே ஏற்றியிருக்கிறது.

ஹைஸ்பிளிட்டுக்கு அது தெரியாமல் போவதற்குக் காரணம், நாம் அதற்குக் கொடுக்கும் காற்றுத் தரவு. உலகம் முழுவதையும் கட்டங்களாகப் பிரித்துக் கடந்தகால வானிலையைத் தரும் ஈஆர்ஏ5 தரவில் ஒரு கட்டம் சுமார் 31 கி.மீ. அகலம். இடிமேகத்துக்குள் காற்று மேலெழும் பகுதியோ சில கி.மீ.தான். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஏறினாலே 20 நிமிடத்தில் 12 கி.மீ.யைத் தொட்டுவிடும். கட்டத்தின் சராசரியில் அந்த ஏற்றம் கரைந்துபோகிறது.

ஆகவே ஹைஸ்பிளிட் தரும் பாதைகளைச் செயற்கைக்கோள் மேகப் படத்தோடு பொருத்துங்கள். மாதிரி எடுத்த இடத்தைச் சுற்றிலுமிருந்து நூற்றுக்கணக்கில் பாதைகளைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். மணிக்கு மணி, பாதை இருக்கும் புள்ளியில் மேக உச்சி எவ்வளவு உயரம் என்று பாருங்கள். அது பாதையின் உயரத்தை எட்டியிருந்தால், கீழ்க்காற்று அங்கே கலந்திருக்க வாய்ப்புண்டு. உங்கள் காலத்துக்கு ஜப்பானின் ஹிமாவாரி-8 வானிலைச் செயற்கைக்கோள் உதவாது, அதை ஏவியதே 2014-இல். அதற்கு முந்தைய எம்டிசாட்-2 செயற்கைக்கோளின் படங்களை எடுங்கள். அகச்சிவப்புப் படத்தில் கணிக்கும் உச்சி உண்மையைவிடச் சுமார் 1 கி.மீ. தாழ்வாக வரக்கூடும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பலரும் சறுக்குவது அடுத்த இடத்தில்தான். பட்டவொர்த் பக்கம் மழை ஓய்ந்த பிறகும் மேகத்தின் தட்டையான தலை மட்டும் தீவின் மேல் வெகுநேரம் பரந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உச்சி குளிர்ந்துதான் இருக்கும், ஆனால் கீழிருந்து எதுவும் ஏறாது. படத்தில் இதுவும் வெள்ளை, ஏறுகிற மேகமும் வெள்ளை. அதே புள்ளியில், அதே அரைமணியில் ஐமெர்க் என்ற செயற்கைக்கோள் மழைத் தரவு மழையையும் காட்டினால்தான் கணக்கில் எடுங்கள். இந்த நிபந்தனையை எந்தக் காரணத்துக்காகவும் தளர்த்தாதீர்கள்.

மேகம் எதுவும் சிக்கவில்லையே என்று பாதையைப் பத்து நாளுக்கு நீட்டுவதும் வேண்டாம். அவ்வளவு பழைய மேகம் உங்கள் அயோடைடை விளக்காது. சிக்கிய மேகம் போர்னியோவின் உள்நாட்டில் எழுந்தது என்றால், கார்பன் மோனாக்சைடையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: தூய கடற்காற்றில் அது குறைவு, புகை கலந்த நிலக்காற்றில் கூடுதல். ஆய்வேட்டில், நூறு பாதைகளில் எத்தனை மேகத்தைத் தொட்டன என்ற விழுக்காட்டை ஒவ்வொரு மாதிரிக்கும் தவறாமல் போடுங்கள்.