கட்டியின் விறைப்பை அளக்கும் ஸ்கான்

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. வயிற்று நோவுக்காக எடுத்த ஸ்கானில் இடது சிறுநீரகத்தில் 2.8 செ.மீ. அளவில் ஒரு கட்டி தெரிந்தது. கிளினிக்கில் சி.ரி. ஸ்கான் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கனடாவிலுள்ள மாமாவோ, ‘எலாஸ்டோகிராபி’ செய்தால் ஊசியே இல்லாமல் புற்றுநோயா என்று தெரிந்துவிடும் என்கிறார். எதைச் செய்விப்பது?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: மாமா சொன்னதில் பாதி சரி. அப்படியொரு முறை உண்டு. ஆனால் சிறுநீரகக் கட்டியில் அது துணைச் சாட்சி மட்டுமே.

திருநெல்வேலிச் சந்தையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வாங்குபவர் பழத்தைப் பெருவிரலால் மெல்ல அமத்திப் பார்க்கிறாரே, எலாஸ்டோகிராபியின் அடிப்படையும் அதுதான். வழமையான அல்ட்ராசவுண்ட் கட்டியின் உருவத்தைக் காட்டுகிறது. இது விறைப்பை அளக்கிறது. ஒரு வகையில், கருவியால் மெதுவாக அழுத்தி எப்பகுதி எவ்வளவு நசிகிறது என்பதை நிறங்களில் காட்டுவார்கள். மற்றைய வகையில், ஒலியலையே உள்ளே சிறியதொரு தள்ளுக் கொடுக்க, அதனால் பக்கவாட்டில் பரவும் அதிர்வின் வேகத்தைக் கருவி கணக்கிடும். இழையம் விறைப்பாக இருந்தால் அதிர்வு விரைந்து ஓடும். ஈரல் தழும்பை மதிப்பிடுவதில் இம்முறை நன்கு நிலைபெற்றுவிட்டது.

சிறுநீரகம் அவ்வளவு இலகுவில் பிடிகொடுப்பதில்லை. அது முதுகுப்புறமாக ஆழத்தில் இருப்பதால், உடல் பருத்தவர்களில் அந்தத் தள்ளு அங்கே போய்ச் சேருமுன்பே வலுவிழந்துவிடும். ஒவ்வொரு மூச்சுக்கும் அது மேலும் கீழும் அசைவதால், மூச்சைப் பிடித்திருக்கும் சில விநாடிகளுக்குள் அளவெடுக்க வேண்டும். உள்ளிருக்கும் நுண்குழாய்கள் வரிசையாக ஓடுவதால், கருவியைத் திருப்பிப் பிடித்தாலே எண் மாறக்கூடும். நீர்க்கட்டியென்றால் அந்த அதிர்வு திரவத்தினூடே ஓடவே மாட்டாது.

கொழுப்பு மிகுந்த ‘அன்ஜியோமயோலிப்போமா’ என்னும் தீங்கற்ற கட்டி பொதுவாக மென்மையாக இருக்கும். அதைப் புற்றுக்கட்டியிலிருந்து பிரித்தறிய விறைப்பு அளவு உதவலாம் என்பதே இதுபற்றி ஆய்வு செய்பவர்களின் நம்பிக்கை. ஆனால் உள்ளே குருதி கசிந்து, திசு அழுகிய புற்றுக்கட்டியும் மென்மையாகவே காட்டலாம். இரண்டின் அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், ஓர் எண்ணை வைத்துத் தீர்ப்பெழுத எந்த வைத்தியரும் துணியமாட்டார்.

ஆகவே சி.ரி. ஸ்கானைப் பிற்போடாதீர்கள். கட்டிக்குள் கொழுப்பு இருக்கிறதா, நாளத்தில் ஏற்றும் மருந்தை அது உறிஞ்சிப் பிரகாசிக்கிறதா என்ற இரு கேள்விகளுக்கும் அது நேரடியாக விடை தரும். அதிலும் தெளியாவிட்டால் எம்.ஆர்.ஐ., அல்லது ஊசியால் இழையம் எடுத்துப் பார்க்கும் பயொப்சி. 4 செ.மீ.க்குக் குறைந்த திண்மக் கட்டிகளில் ஏறத்தாழ ஐந்திலொன்று தீங்கற்றது என்பதால், இப்போதே மனம் உடைய வேண்டியதில்லை.

போகும்போது முதல் ஸ்கான் அறிக்கையையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறதென்று காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையின் அண்மைய முடிவையும் கையில் கொண்டு செல்லுங்கள். அம்மா நீரிழிவுக்கு மெற்போமின் குளிசை எடுப்பவரானால், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.